தளவாயைத் தேடிப் போன நத்தை

மலைக்கும் கழிமுகத்துக்கும் நடுவே ஒரு காலத்தில் கருங்கழனி என்றொரு நாடு இருந்தது. அதை மானபூபதி என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஒரு குணம், மாலையில் ஒரு குணம். அந்த நாட்டில் ஒரு வழக்கம்: கொலுவில் இருக்கும்போது அரசன் தலையைத் திருப்பக்கூடாது. மகுடம் சரிந்தால் நாடும் சரியும் என்று நம்பினார்கள். பேசவேண்டியவர்கள்தான் அவருக்கு நேரெதிரே வந்து நிற்கவேண்டும்.

இப்படி வருஷக்கணக்கில் கல்தூண்போல உட்கார்ந்து ராஜாவின் கழுத்து இறுகிவிட்டது. இறுக்கம் தோளுக்கு இறங்கி முதுகையும் பிடித்தது. படைத்தலைவனான தளவாய் வல்லபராயன், சடைமுனி என்ற மல்லனைக் கூட்டிவந்து, "ம், நன்றாகத் திருகு" என்றான். மல்லன் தயங்கினான்.

"திருகடா!"

திருகினான். ராஜா போட்ட கூச்சலில் லாயத்துக் குதிரைகள் மிரண்டன.

"இவனைக் கட்டிவையுங்கள்! பொழுது சாய்வதற்குள் இவன் கைகளை வெட்டுங்கள்!" என்றார் ராஜா.

அமைச்சர் குழைக்காதருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அரசே, ஏவியவர் ஒருவர், தண்டனை இன்னொருவருக்கா?"

சிம்மாசனத்துக்கு இடப்புறம், சற்றுப் பின்னால் நின்ற தளவாய் சிரித்தான். "அமைச்சருக்கு வைத்தியமும் தெரியும்போலிருக்கிறதே! அவரே குணப்படுத்தட்டும்."

"சரியாகச் சொன்னீர், தளவாயாரே" என்றார் ராஜா. "அமைச்சரே, பொழுது சாய்வதற்குள் என் கழுத்து திரும்பவேண்டும். இல்லையென்றால் அவன் கையோடு உம்முடைய கையும் போகும். ஆனால் ஒருவரும் என் கழுத்தைத் தொடக்கூடாது. குனி, திரும்பு என்று எனக்கே உத்தரவு போடவும் கூடாது!"

குழைக்காதர் தோட்டத்துக்கு வந்தார். முற்றத்தில் வாள் தீட்டும் சத்தம் விடாமல் கேட்டது. தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். யோசி, யோசி. முன்னொரு நாள் ஈயை விரட்ட வெடுக்கென்று திரும்பியபோது ராஜா அலறினார். ஆனால் மதிலில் ஒரு பூனை அசைந்து அசைந்து நடந்தபோது அவர் தலையும் அதன் பின்னாலேயே கொஞ்சம் போனதே! அப்போது அவர் முகம்கூடச் சுளிக்கவில்லை. பூனை குதித்துவிடும். அதைவிட மெதுவாகப் போகிற ஒன்று வேண்டும்.

கீரைப் பாத்தியில் ஒரு நத்தை ஊர்ந்துகொண்டிருந்தது.

வெயில் சாயத் தொடங்கியபோது அவர் கொலுவுக்குத் திரும்பினார். சிம்மாசனத்தைச் சுற்றியிருந்த அரைவட்ட மரக் கிராதியின் வலது ஓரத்தில் நத்தையை விட்டார்.

"அரசே, கழுத்துக்கு முன்னால் ஓர் அவசரம். இந்தக் கொலுவில் தங்களுக்கு வேண்டாதவர் ஒருவர் இருக்கிறார். நத்தை அவரிடம் போய் நிற்கும்."

"யாரவன்?" ராஜாவின் கண் விரிந்தது.

"தங்கள் பார்வை விலகினால் அது வழி தவறும். மகுடத்தின் மினுக்கம் பட்டால் ஓட்டுக்குள் போய்விடும். பெருமூச்சு பட்டாலும் அப்படித்தான்."

மகுடத்தைக் கழற்றுவதா! சபை முணுமுணுத்தது. வேண்டாதவனைப் பார்க்கும் ஆவலில் ராஜாவே கழற்றி மடியில் வைத்தார். மெல்ல மூச்சு விட்டார். காதுவரை ஏறியிருந்த தோள்கள் கீழே இறங்கின.

நத்தை கிளம்பியது. அது யார் முன்னால் வந்ததோ அவருக்கு வியர்த்தது. கடந்து போனதும் பக்கத்தில் நின்றவருக்கு வியர்த்தது. நடுவழியில் ஓட்டுக்குள் சுருங்கிக்கொண்டது. சாளரத்து வெயில் சிவந்துவிட்டது. 'ஊரம்மா, ஊரு' என்று குழைக்காதர் மனசுக்குள் கெஞ்சினார். கொம்பு எட்டிப் பார்த்தது. மறுபடி ஊர்ந்தது. ராஜாவின் முகவாய் இழை இழையாக அதன் பின்னால் போயிற்று.

இடப்புறம். இன்னும் இடப்புறம். கடைசியில், ராஜாவின் கண் ஒருநாளும் எட்டாத மூலையில் நின்ற தளவாயின் எதிரே நத்தை நின்றது. அவன் அதைக் கவனிக்கவே இல்லை. மரியாதையாக முகத்தை வைத்துக்கொண்டு, அமைச்சரை இழுத்துப் போகும்படி காவலர்களுக்குக் கையால் சைகை காட்டிக்கொண்டிருந்தான்.

"தளவாயாரே, என் கொலுவில் உத்தரவு போடுவது யார்?" என்றார் ராஜா.

தளவாய் துள்ளி விழுந்தான். "அரசே... இது சூழ்ச்சி! நத்தைக்கு என்ன தெரியும்?"

"ஒன்றும் தெரியாது" என்றார் குழைக்காதர், ராஜாவின் வலப்புறம் நகர்ந்தபடி. "கிராதி நெடுக நான்தான் கீரைச்சாறு தடவியிருந்தேன். அது தின்றுகொண்டே போயிற்று."

ராஜா அவர் பக்கம் திரும்பினார். முகம் கறுத்தது. "அப்படியானால் என்னிடமே பொய் சொன்னீரா?"

பக்கத்தில் நின்றவர்கள் அமைச்சரைவிட்டு ஓரடி விலகிக்கொண்டார்கள்.

"சொன்னேன், அரசே. ஆனால் இடக்கோடியில் தளவாயைப் பார்த்தீர்கள். இப்போது வலக்கோடியில் என்னைப் பார்க்கிறீர்கள். வலிக்கிறதா?"

ராஜா மெல்ல இடப்பக்கம் திரும்பினார். மெல்ல வலப்பக்கம் திரும்பினார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "மல்லனை அவிழ்த்துவிடுங்கள்! அமைச்சருக்கு என் முத்தாரம். தளவாயார் இனி வாசற்படியருகே, எல்லாருக்கும் பின்னால் நிற்கட்டும். அங்கிருந்து கைகாட்டினால் யார் பார்க்கிறார்கள் என்று பார்ப்போம்."

அன்றுமுதல் கொலு கூடியதும் ராஜா மகுடத்தை மடியில் வைத்துவிட்டு, வலக்கோடியிலிருந்து இடக்கோடிவரை ஒவ்வொரு முகமாக, அவசரமே இல்லாமல் பார்ப்பார். அவருடைய கழுத்து இளகிவிட்டது. அந்தப் பார்வை தங்களிடம் வந்து தாண்டிப் போகும்வரை விறைத்து நின்ற சபையோருக்குத்தான் முதுகு பிடித்துக்கொண்டது.