குங்குமம் மறைத்த சிவப்பு விளக்கு

ஒரு குட்டி விமானம் இருந்தது. இளவழுதி ஓட்டுவார், பக்கத்தில் அவர் மனைவி பூரணி உட்கார்ந்துகொள்வார். அதன் வால்பக்கத்து இருட்டுப் பெட்டிக்குள் ஒரு பேட்டரி குடியிருந்தது.

பேட்டரிக்கு ஒரு மனக்குறை. ஆயுத பூஜையன்று இளவழுதி விமானத்தைக் கழுவித் துடைத்து, முன்னால் வழி காட்டும் திரைக்குச் சந்தனம் வைத்தார். ரேடியோவுக்கு வைத்தார். திசைகாட்டிக்குக்கூட ஒரு கீற்று. மூலையிலிருந்த சின்னஞ்சிறு சிவப்பு விளக்குக்கோ முகம் கொள்ளாமல் குங்குமம்! பின்னால் ஒருத்தன் கிடக்கிறானே என்று யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"போகட்டும், நமக்கென்று யார் இருக்கா?" என்று பேட்டரி முணுமுணுத்துக்கொண்டது.

மறுநாள் மலைக்கு மேலே பறந்துகொண்டிருந்தபோது ஆல்டர்னேட்டர் பொசுக்கென்று நின்றுவிட்டது. எல்லாருக்கும் மின்சாரம் கொடுத்து, பேட்டரிக்கும் ஊட்டிவிடுவது அதுதான். சிவப்பு விளக்கு உடனே எரிந்தது.

"ஐயா! மின்சாரம் போச்சு! என்னைப் பாருங்க!" என்று கத்தியது. எங்கே பார்ப்பது? குங்குமத்தைத் தாண்டித் துளி வெளிச்சம் வெளியே வரவில்லை.

பேட்டரி தன்னிடம் இருந்ததை எல்லாருக்கும் ஊற்றிக்கொண்டே இருந்தது. பாதிக்கு மேல் தீர்ந்தபோதுதான் பூரணி கவனித்தார்.

"என்னங்க, திரை ஏன் மங்குது?"

இளவழுதிக்குச் சுருக்கென்றது. கட்டைவிரலால் குங்குமத்தை வழித்தார். அடியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அடக் கடவுளே, நானே உன் வாயை அடைச்சுட்டேனே!"

ஆல்டர்னேட்டரை அணைத்துப் போட்டுப் பார்த்தார். ம்ஹூம், அசையவில்லை. இறங்கும் இடம் இன்னும் அரை மணி தூரம். பேட்டரி தாங்குவதோ பத்து நிமிஷம்.

"இன்ஜின் நின்னுடுமா?" என்று பூரணி கேட்டார்.

"நிக்காது. அதுக்கு வேண்டிய தீப்பொறியை அதுவே போட்டுக்கும். ஆனா மேகம் கூடிட்டு வருது. எந்தப் பக்கமா இறங்கலாம்னு கீழே இருக்கறவங்கதான் சொல்லணும். அதுக்கு ரேடியோ வேணும்."

"எனக்குக் கடைசியில ரெண்டு வார்த்தைக்காவது மிச்சம் வையுங்கப்பா!" என்று ரேடியோ கெஞ்சியது.

"நான் அணைஞ்சா வழி யார் காட்டுறது?" என்றது திரை.

"நான் இருக்கேன். எனக்கு மின்சாரமே வேண்டாம்" என்றது திசைகாட்டி.

திரை ஒரு கணம் யோசித்தது. "அப்ப என் பங்கையும் ரேடியோவுக்கே கொடுத்துடு, பேட்டரி" என்று கண்ணை மூடிக்கொண்டது.

இளவழுதி ஒவ்வொன்றாக அணைத்தார். கடைசியில் பேட்டரியையும் அணைத்தார். இருட்டில் அது தன்னைத்தானே திட்டிக்கொண்டது. 'பொட்டு வைக்கவில்லை என்று மூஞ்சியைத் தூக்கிக்கொள்ள இதுவா நேரம்? முன்னால் இருப்பது இரண்டு உயிர்.' மிச்சமிருந்ததை இறுகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

அரை மணி கழித்து ஸ்விட்ச் தட்டப்பட்டது.

"இந்தா, எல்லாத்தையும் எடுத்துக்கோ. பேசு!" என்றது பேட்டரி.

ரேடியோ கேட்டது. கீழேயிருந்து பதில் வந்தது. "மலைப்பக்கம் பலத்த மழை, வராதீங்க! ஏரிப்பக்கம் தெளிவா இருக்கு. அந்தப் பக்கமா இறங்..."

அதோடு ரேடியோ அடங்கிவிட்டது. ஆனால் அது போதுமாயிருந்தது.

சக்கரம் தரையைத் தொட்டு நின்றதும் இளவழுதி நேரே வால்பக்கம் போனார். பெட்டியைத் திறந்து பேட்டரிமேல் கையை வைத்தார்.

"ரொம்ப நன்றிப்பா. இருந்ததையெல்லாம் கொடுத்து எங்களைக் காப்பாத்திட்ட."

பூரணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஐயோ, இதுக்கு ஒரு பொட்டுகூட வைக்கலையேங்க! குங்குமம் எடுத்துட்டு வரட்டுமா?"

"வேண்டாம் பூரணி. பொட்டை வெச்சுட்டு, பார்க்காம விட்டதுதான் தப்பு. இனிமே ஒவ்வொரு தடவையும் இதைத் திறந்து பார்த்துட்டுத்தான் கிளம்புவேன்."

அதைக் கேட்டதும் பேட்டரிக்கு மனசு நிறைந்துவிட்டது.

அடுத்த ஆயுத பூஜையில் எல்லாருக்கும் பொட்டு கிடைத்தது, பேட்டரிக்கும்தான். சிவப்பு விளக்குக்கு மட்டும் கிடையாது. இளவழுதி அதன் முகத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அதன் எதிரே கைகூப்பி நின்றார்.