கெட்டி எண்ணெய் வழக்கு

குற்றங்கள் நடந்த வரிசையிலேயே எழுதப்பட்டிருந்தன.

ஒன்று: திங்கட்கிழமை காலை, குன்னூர் டாக்சி ஓட்டுநர் சங்கத்தின் புதுக் கார் கிளம்பும்போது, தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கியது போல அலறியது.

இரண்டு: செவ்வாய்க்கிழமை, எண்ணெய்க்கான சிவப்பு விளக்கு அணைய மறுத்தது.

மூன்று: புதன்கிழமை, பிரசவ வலியோடு ஒரு பெண் பின்சீட்டில் இருக்க, கார் முனகிவிட்டு நின்றது. ஆறு பேர் தள்ளிக் கிளப்பினார்கள். குழந்தை மூன்றாவது வளைவிலேயே பிறந்துவிட்டது. தாயும் சேயும் நலம் என்பதால் குற்றம் குறைந்துவிடாது.

ஆகவே, கலப்பட எண்ணெய் விற்ற பஷீரின் கடையில் முப்பத்திரண்டு டாக்சிகளும் இனி ஒரு சொட்டுக்கூட வாங்கக் கூடாது.

எழுதியவர் மாசிலாமணி. வயது அறுபத்தொன்று. தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் கொடி பிடித்து, அதனாலேயே வேலையை இழந்தவர். கூட நின்றவர்கள் ஒவ்வொருவராக மேலாளர் கையால் சால்வை வாங்கிக்கொண்டார்கள். வளையாமல் நின்றதற்கு இவருக்குக் கிடைத்தது முதுகுவலி மட்டும்.

எட்டு மாதமாக பவுலின் என்ற பெண் மேஸ்திரியின் கார் பட்டறையில் தொழில் கற்கிறார். மேஸ்திரிக்கு வயது முப்பத்துநான்கு.

சேர்ந்த முதல் வாரமே அவர் அங்கே ஒரு விதியைக் கொண்டுவந்தார். எண்ணெய் ஊற்றுகிறவர் ஓர் அட்டையில் தன் பெயரை எழுதி எஞ்சின் பக்கத்தில் கட்டவேண்டும். தவறு நடந்தால் சாட்சிகள் முன்னால் பெயரை உரக்கப் படிக்கவேண்டும்.

"பேர் தெரியாம ஒளிஞ்சுக்க இது என்ன முதலாளி ஆபீசா?" என்று கேட்டார். எதிர்த்துப் பேச ஆளில்லை.

வியாழக்கிழமை காலை, தங்கையின் கல்யாணத்துக்குப் போயிருந்த மேஸ்திரி திரும்பி வந்தார். தலையில் வாடிய மல்லிகை. பட்டறை முற்றத்தில் ஓட்டுநர்கள் கூடியிருந்தார்கள். பஷீர் குரங்குக் குல்லாவோடு கடைசி வரிசையில் நின்றார். கடை பிழைக்குமா என்ற கவலையில் அவர் முகம் சுண்டிப்போயிருந்தது.

மேஸ்திரி குற்றப்பத்திரிகையை முழுக்கப் படித்தார்.

"எந்த எண்ணெய் ஊத்துனீங்க அண்ணா?" என்று மாசிலாமணியைக் கேட்டார்.

"இருபது-ஐம்பது. கடையில இருந்ததிலேயே கெட்டியானது."

"ஏன்?"

"பெள்ளியோட ஜீப்புக்கு நீங்க அதைத்தானே ஊத்துனீங்க? சத்தம் அடங்குச்சே."

பின்னாலிருந்து பஷீர் குரல் கொடுத்தார். "எந்த வண்டிக்குன்னு கேட்டேன் மேஸ்திரி. 'கேட்டதைக் குடு, கேள்வி கேக்கறது என் வேலை'ன்னாரு."

ஓட்டுநர்கள் சிரித்தார்கள். மாசிலாமணி சிரிக்கவில்லை.

"மேஸ்திரி, நானும் கேக்கறேன். தண்ணி மாதிரி ஓடற எண்ணெய் இரும்பை எப்படிக் காக்கும்? கொஞ்சம் அமுக்கினா விட்டுக்குடுத்துடும். அந்த மாதிரி ஆளுங்களை நான் நிறையப் பாத்துட்டேன்."

மேஸ்திரி வெளியே போனார். ராத்திரி முழுக்கப் பனியில் வெளியே கிடந்த இரண்டு டப்பாக்களை எடுத்துவந்தார். ஒன்றில் மாசிலாமணி ஊற்றியதில் மிச்சம், மற்றதில் மெல்லிய எண்ணெய். குறுகிய வாயுள்ள இரண்டு புனல்களை இரண்டு பாட்டில்களில் செருகினார்.

"ரெண்டுலயும் ஊத்தறேன். முழுக்க இறங்கற வரைக்கும் முழக்கம் போடுங்க அண்ணா."

கேட்கவேண்டுமா? மாசிலாமணி கையை உயர்த்தினார்.

"தொழிலாளர் ஒற்றுமை!"

"ஓங்குக!" என்றது கூட்டம்.

இரண்டாவது முழக்கம் முடிவதற்குள் மெல்லிய எண்ணெய் முழுக்க இறங்கிவிட்டது. கெட்டி எண்ணெய் புனலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. மூன்று, நான்கு, ஐந்து. ஏழாவது முழக்கத்தில் மாசிலாமணிக்கு இருமல் வந்தது. கெட்டி எண்ணெய் இன்னும் பாதிப் புனல் இருந்தது.

"தோழரே, நிறுத்துங்க. எண்ணெய்க்கு முன்னால நீங்க விழுந்துடுவீங்க," என்றார் ஜீப்காரர் பெள்ளி.

மேஸ்திரி புனலைக் காட்டினார். "இது மேல ஏறி வர்ற வரைக்கும் எஞ்சின் வெறும் இரும்பா உரசுது. ஜீப் தேய்ஞ்ச வண்டி. உள்ள இடைவெளி விழுந்துபோச்சு, அதுல கெட்டிதான் நிக்கும். இது புதுசு. உள்ள எல்லாம் முடி நுழையற சந்து."

மாசிலாமணியின் குரல் இறங்கியது.

"அப்ப, கெட்டியா இருக்கறதே தப்பா மேஸ்திரி?"

மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டார்.

"இல்லண்ணா. தேவைப்படற இடத்துக்குப் போய்ச் சேர முடியுதான்னு பாக்கணும்."

பிறகு காரின் எண்ணெய் மூடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். சட்டை நுனியால் அழுக்கைத் துடைத்ததும் எண் தெரிந்தது. ஐந்து-முப்பது, அந்த மெல்லிய எண்ணெயின் எண்.

"ஊர்ல ஒரு துண்டறிக்கை விடாம படிச்ச மனுஷன், மூடியைப் படிக்காம விட்டுட்டாரே!" என்றார் பெள்ளி.

"சேதம் ஒண்ணும் இல்ல," என்றார் மேஸ்திரி. "பழசை வடிச்சிட்டு சரியானதை ஊத்திடலாம். அந்தத் தாளை உள்ள வைங்க அண்ணா. எல்லாரும் டீ குடிங்க."

"விதின்னா விதிதான்."

மாசிலாமணி பேனாவை எடுத்து பஷீரின் பெயரை அடித்தார். 'கலப்பட' என்ற சொல்லையும் அடித்தார். எஞ்சின் அருகில் கட்டியிருந்த அட்டையை அவிழ்த்துக்கொண்டு ஒரு லாரி டயர் மேல் ஏறினார். முதல் குற்றத்தைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். மூன்றாவதில் பிரசவம் வந்தபோது கூட்டம் கைதட்டியது. முறைத்துவிட்டு மேலே படித்தார்.

"சாட்சிகள் முன்னிலையில்! எண்ணெய் ஊற்றியவர்..." தொண்டையைச் செருமிக்கொண்டார். "மாசிலாமணி."

"பின்னாடி கேக்கல தோழரே!" என்று கத்தினார் பஷீர்.

மாசிலாமணி அவரைப் பார்த்தார். நெஞ்சை நிமிர்த்தினார். மைக் இல்லாத காலத்துக் குரலை எடுத்தார்.

"எஸ். மாசிலாமணி!"