கோட்டைவாசல் அம்மனுக்கு அபிஷேகம்

முன்னொரு காலத்தில், பேரைச் சொன்னால் யாராவது சண்டைக்கு வருவார்கள் என்பதற்காக நான் பேர் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், உத்துங்கவர்மன் என்றொரு ராஜா இருந்தார். நல்லவர்தான். ஆனால் மனதில் ஒன்று தோன்றிவிட்டால் அது மறுநாளே சட்டமாகிவிடும்.

ஒருநாள் அவர் தேரில் கோட்டைக்குத் திரும்பும்போது சந்தைக்கு வந்த வண்டிகள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றன. ராஜா பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். பக்கத்து வைக்கோல் வண்டியில் பூட்டியிருந்த மாடு கழுத்தை நீட்டி அவருடைய முல்லை மாலையை இழுத்து நிதானமாக மென்று தின்றது. அவ்வளவுதான். அன்றைக்கே ஆணை பிறந்தது.

"கோட்டைவாசல் பொட்டலில் இனி எவரும் வாகனம் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ஒரு பொன் கட்டணம். கட்டும்வரை விலங்கைக் கொட்டிலில் அடைக்கலாம். அடைத்தவரே தீனி போட வேண்டும். இதைக் கல்லில் வெட்டி, வருகிற எவரும் படிக்கும்படி பொட்டலில் நட வேண்டும்."

பொக்கிஷ மந்திரி தனகோடியார் அந்தப் பொட்டலில் கட்டணம் வசூலிக்கிற குத்தகையைத் தம் மைத்துனர் சிங்காரத்துக்கு வாங்கிக் கொடுத்தார். கல்லும் வெட்டியாயிற்று. அரண்மனை முற்றத்துக்குக் கொண்டுவந்து காட்டினார்கள். எழுத்து முத்து முத்தாக இருந்தது. ராஜா ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டு, "நட்டுவிடுங்கள்" என்று சொல்லி அதோடு மறந்துபோனார்.

அந்தச் சபையில் குழைக்காதர் என்று ஒரு விகடகவி இருந்தார். ஊரைச் சிரிக்க வைக்கிற மனிதர், ஆனால் எதையும் லேசில் நம்பமாட்டார். கடையில் வாங்கிய கத்தரிக்காயை வீட்டுக்கு வந்து பிளந்து பார்த்த பிறகுதான் கடைக்காரனை நல்லவன் என்பார். "உங்களுக்குக் காலையில் சூரியன் வந்தாலும் யார் அனுப்பினது என்று கேட்பீர்கள்" என்று அவர் மனைவி கேலி செய்வாள்.

ஒரு காலையில் அவர் வீட்டு வாசலில் உப்பு வண்டிக்காரி வேம்பாயி வந்து அழுதுகொண்டு நின்றாள். கடற்கரையிலிருந்து உப்பு ஏற்றிவந்து ஊர் ஊராக விற்கிறவள். வண்டியும் ஒரு ஜோடி மாடும்தான் அவள் சொத்து. புருஷன் விட்டுப்போனதும் அவைதான். இப்போது மாடுகள் சிங்காரத்தின் கொட்டிலில் கிடந்தன.

"கட்டணத்தைக் கட்டு, இல்லாட்டி அமாவாசையன்னிக்கு ஏலம் போட்டுருவேங்கிறாங்கய்யா. ஒரு வண்டி உப்பு வித்தாக்கூட ஒரு பொன்னு வராதே. மாடு போச்சுன்னா நான் எதைக் கட்டி வண்டி ஓட்டுவேன்?"

"நிறுத்தக் கூடாது என்று கல் நட்டிருக்கிறதே, நீ ஏன் நிறுத்தினாய்?" என்றார் குழைக்காதர். அவளையும் அவர் உடனே நம்பிவிடவில்லை.

"கல்லு எதையும் நான் பாக்கலய்யா. எனக்கும் நாலெழுத்துத் தெரியும். வேப்பமரத்தடியில அம்மன் இருந்துச்சு. மஞ்சளும் குங்குமமுமா மங்களமா இருக்கேன்னு எறங்கி ஒரு சூடம் கொளுத்தினேன். கும்பிட்டுத் திரும்புறேன், மாட்டை அவுத்துக்கிட்டு நிக்கிறாங்க."

சாமி கும்பிட நின்றவளுக்கா அபராதம்? குழைக்காதருக்கு மூக்கில் வேர்த்தது. மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

பொட்டலில் வேப்பமரம் இருந்தது. மரத்தடியில் அம்மனும் இருந்தாள்: ஆளுயரக் கல், உச்சி முதல் அடி வரை அப்பிய மஞ்சள், உள்ளங்கை அகலக் குங்குமப் பொட்டு, இடுப்பில் சிவப்புத் துணி. அம்மன் பெயர் என்ன என்று விசாரித்தார். பூக்காரி கோட்டைக்காளி என்றாள். தண்ணீர் விற்கிறவன் எல்லையம்மன் என்றான். முந்தாநாள் முளைத்த சாமிக்குப் பூசாரியும் இல்லை. ஆணைக்கல் எங்கே என்று சிங்காரத்தின் ஆட்களைக் கேட்டால், "அந்தப் பக்கம்தான்" என்று ஆளுக்கொரு திசையில் கையைக் காட்டினார்கள். பொட்டலைச் சுற்றிச் சுற்றி வந்தார். வேறு கல்லே கிடையாது.

மனதில் ஒரு பொறி தட்டியது. கொஞ்சம் ஒதுங்கி நின்று கவனித்தார். சிங்காரத்தின் ஆள் ஒருவன் கிண்ணத்தில் மஞ்சள் குழைத்துக்கொண்டு வந்தான். சாமிக்கு மஞ்சள் பூசுகிறவன் உள்ளங்கையால் தடவுவான். இவனோ கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி அடைத்தான், வீட்டுச் சுவரில் எறும்புப் பொந்தை அடைக்கிற மாதிரி. பிச்சைக்காரனுக்கு ஒரு பிடி அரிசி போடாத சிங்காரம் மஞ்சளுக்கு இவ்வளவு செலவழிப்பானா? நிறுத்தாதே என்கிற கல்லையே சாமியாக்கி, வண்டியை நிறுத்த வைத்துப் பணம் பறிக்கிறார்கள்!

இன்னொன்றும் பார்த்தார். அந்த நேரத்தில் சேனாதிபதியின் குதிரை வந்து நின்றது. அவர் இறங்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார். சிங்காரத்தின் ஆட்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அரண்மனைக்காரர்களிடம் கட்டணம் கேட்டால் புகார் ராஜா காதுக்குப் போய்விடும் அல்லவா?

மறுநாள் சபையில் குழைக்காதர் வேம்பாயியின் வழக்கை எடுத்தார்.

"அரசே, ஆணைக்கல்லை அங்கே எவராலும் படிக்க முடியாது. படிக்க முடியாத கல்லைக் காட்டிக் கட்டணம் கேட்பது நியாயமா?"

தனகோடியார் எழுந்தார். "பிரபு, அந்தக் கல்லைத் தாங்களே படித்தீர்கள். கண் இருப்பவன் படிக்கலாம். கட்ட மனமில்லாதவன்தான் பார்க்கவில்லை என்பான்." பிறகு ராஜாவின் காதருகே குனிந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தார்: "உப்பு வண்டிக்காரர்கள் நம் கவிராயர் வீட்டுக்கு இலவசமாக உப்பு இறக்குவதாகக் கேள்வி."

ராஜாவின் புருவம் நெளிந்தது. "குழைக்காதரே, உம்மேலும் எனக்கு நம்பிக்கை குறைகிறது. கல்லைப் படிக்க முடியாது என்பதை நிரூபியும். ஆனால் வண்டிக்காரர்களைச் சாட்சிக்கு அழைக்கக் கூடாது. கட்டணம் கட்ட வேண்டியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஒருவர் கையும் கல்லில் படக் கூடாது. எழுத்தைச் சுரண்டிவிட்டு எழுத்தே இல்லை என்பீர். நிரூபிக்காவிட்டால் மாடுகள் ஏலத்துக்குப் போகும். நீரும் இந்தச் சபைக்கு வர வேண்டாம்."

சாட்சியும் கூடாது, தொடவும் கூடாது. தனகோடியார் தாடியைத் தடவிக்கொண்டார்.

"அப்படியே ஆகட்டும். ஒரே ஒரு சந்தேகம் அரசே. இந்த ஆணை வண்டிக்காரர்களுக்கு மட்டுமா?"

"என் ஆணை எல்லோருக்கும் பொது. நானே நிறுத்தினாலும் அதே கட்டணம்தான்."

"சரியாகச் சொன்னீர்கள் பிரபு, அரசன் முதல் ஆண்டி வரை!" என்று தனகோடியாரும் வாயை விட்டார்.

குழைக்காதர் தலையைச் சொறிந்துகொண்டு பேச்சை மாற்றினார். "இன்னொரு விஷயம். கோட்டைவாசலில் புதிதாக ஓர் அம்மன் எழுந்தருளியிருக்கிறாள். ஊரே கும்பிடுகிறது. அரசர் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை என்று ஜனங்கள் ஒருமாதிரிப் பேசுகிறார்கள். வெள்ளிக்கிழமை சபையோடு வந்து ஓர் அபிஷேகம் செய்தால் நல்லது."

ராஜா அவரை மேலும் கீழும் பார்த்தார். "இதில் உமக்கு என்ன லாபம்?"

"வேலை போகப்போகிறது. சாமியையாவது கும்பிட்டுவைக்கலாம் என்றுதான்."

சபை சிரித்தது. தனகோடியாருக்குச் சிரிப்பு வரவில்லை. வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். வேண்டும் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. குழைக்காதர் விடியும்போதே வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டார். தனகோடியார் புத்திசாலித்தனமாகத் தம் பல்லக்கையும் அம்மன் முன்னால் நிறுத்திவிட்டால் எல்லாம் பாழ். ஆனால் அவரும் தம்மைப் போலவே யாரையும் நம்பாத ஆள். எங்கே தன் தலையிலேயே கட்டணத்தைக் கட்டிவிடுவார்களோ என்று பயப்படுவார். அந்தப் பயத்தைத்தான் குழைக்காதர் மலைபோல் நம்பியிருந்தார்.

மேளம் கேட்டது. ராஜாவின் பட்டத்து யானை வந்து அம்மனுக்கு நேர் எதிரே மண்டியிட்டது. சேனாதிபதியின் குதிரை அதன் பக்கத்தில் நின்றது. நாட்டிலேயே அதிகம் படித்தவரான ஆஸ்தானப் புலவர் பல்லக்கிலிருந்து இறங்கினார். எல்லோரும் பாதரட்சையைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார்கள்.

தனகோடியாரின் பல்லக்கு மட்டும் வரவில்லை. தொலைவில், சுடுமணல் தாண்டி, குளத்தங்கரையிலேயே நின்றுவிட்டது. மந்திரியும் மைத்துனரும் அங்கிருந்து நடந்து வந்தார்கள். மந்திரிக்கு முழங்கால் வலி வேறு. விந்தி விந்தி, வேர்த்து வடிந்துகொண்டு வந்தார். குழைக்காதருக்கு அப்பாடா என்று மூச்சு வந்தது.

"அபிஷேகத்தை ஆரம்பிக்கலாம்" என்றார் ராஜா.

"இன்றைக்கு வேண்டாம் பிரபு!" என்று மூச்சிரைக்கக் கத்தினார் தனகோடியார். "இந்த அம்மனுக்கு... தண்ணீர் ஆகாது."

"தண்ணீர் ஆகாத சாமியா? இதுவரை கேள்விப்பட்டதில்லையே" என்றார் ராஜா. அவர் பார்வை மந்திரி பக்கம் திரும்பியது. "ஊற்றுங்கள்."

அரண்மனைக் குருக்கள் எட்ட நின்று குடம் குடமாக ஊற்றினார். ஒருவர் கையும் கல்லில் படவில்லை. மஞ்சள் கரைந்து ஓடியது, குங்குமம் ஓடியது, துணி நழுவி விழுந்தது. கல்லில் கோடுகள் தெரிந்தன. கோடுகள் எழுத்தாயின. ஆஸ்தானப் புலவர் தம்மை அறியாமல் வாய்விட்டுப் படித்தார்: "கோட்டைவாசல் பொட்டலில் இனி எவரும் வாகனம் நிறுத்தக் கூடாது..."

மேளக்காரன் அடிப்பதை நிறுத்திவிட்டான். ராஜாவின் முகம் சிவந்தது.

"குழைக்காதரே! என்னையே குற்றவாளியாக்கவா இங்கே அழைத்துவந்தீர்?"

"மன்னிக்க வேண்டும் அரசே. நான் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். இந்த ஆணையைச் சொன்னவரே தாங்கள்தான். தாங்கள் ஏன் இங்கே யானையை நிறுத்தினீர்கள்?"

"எழுத்து எங்கே தெரிந்தது? சாமி என்று நினைத்து நிறுத்தினேன்."

"புலவரும் அப்படித்தான். சேனாதிபதியும் அப்படித்தான். வேம்பாயியும் அப்படித்தான். நான் வண்டிக்காரர் யாரையும் சாட்சிக்கு அழைக்கவில்லை. தங்களைத்தான் அழைத்தேன். நிறுத்தாதவர்கள் இரண்டே பேர். முழங்கால் வலியோடு வெயிலில் அவர்கள் ஏன் நடந்து வந்தார்கள் என்று கேளுங்கள்."

"பக்தி!" என்றார் தனகோடியார். "அம்மன் சந்நிதிக்கு நடந்தே வருவதாக வேண்டுதல்."

"அப்படியா? கால்களைப் பாருங்கள் அரசே."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ராஜா முதல் குதிரைக்காரன் வரை வெறுங்கால். மந்திரியும் மைத்துனரும் மட்டும் சந்நிதிக்கு நேர் முன்னால் செருப்புக் காலோடு நின்றார்கள். இது சாமி இல்லை என்பது தெரிந்தவர்களுக்கு அதைக் கழற்றத் தோன்றவே இல்லை.

தனகோடியார் அவசரமாக ஒரு செருப்பைக் கழற்றினார். அதைப் பார்த்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ராஜா சிரிக்கவில்லை.

"வழக்கு உம் பக்கம்தான், குழைக்காதரே. படிக்க முடியாத கல்லுக்குக் கட்டணம் கிடையாது."

"பொறுங்கள் அரசே. இப்போது கல்லை நன்றாகப் படிக்க முடிகிறது. தங்கள் யானையோ இன்னும் இங்கேதான் நிற்கிறது. ஆணை எல்லோருக்கும் பொது என்றீர்களே?"

ராஜா கல்லருகே போனார். கல்லை மறுபடி படித்தார். 'அடைத்தவரே தீனி போட வேண்டும்' என்ற வரி வந்ததும் அவர் மீசை துடித்தது.

"உண்மைதான். சாமி கும்பிட வந்த இடத்தில் நான் பொன் எடுத்துவரவில்லை. சிங்காரம், யானையைக் கொண்டுபோய் உன் கொட்டிலில் அடை. சேனாதிபதியாரே, உம்மிடம் பொன் இருக்கிறதா?"

"மடியில் ஒரு காசுகூட இல்லை பிரபு" என்றார் சேனாதிபதி, இடுப்புப் பையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு.

"ஐயோ, கட்டணமே வேண்டாம் மகாராஜா!" என்று சிங்காரம் காலில் விழுந்தார்.

"வேண்டாம் என்று சொல்ல நீர் யார்? ஆணை அரசருடையது" என்றார் குழைக்காதர்.

கொட்டில் சிங்காரத்தின் வாழைத்தோட்டத்தை ஒட்டி இருந்தது. பட்டத்து யானை முதலில் வைக்கோற்போரை முடித்தது. பிறகு வேலியைச் சாய்த்துக்கொண்டு தோட்டத்துக்குள் போய், குலைதள்ளிய வாழைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கியது. குதிரைக்குக் கொள்ளு அவித்துக் கொட்டிக் கொட்டிச் சிங்காரத்தின் ஆட்களுக்குக் கை ஓய்ந்தது. பொழுது சாய்வதற்குள் யானை வீட்டுக் கூரை ஓலையில் கைவைத்தது. சிங்காரம் ராஜாவிடம் தலைதெறிக்க ஓடிவந்து, இதுவரை வாங்கிய கட்டணத்தையெல்லாம் திருப்பித் தருகிறேன், அடைத்த மாடுகளையெல்லாம் அவிழ்த்துவிடுகிறேன், யானையை மட்டும் கூட்டிக்கொண்டு போங்கள் என்று அழுதார்.

அப்போதுதான் ராஜா சிரித்தார். கிரீடம் சரிந்து காதில் நிற்கிற அளவுக்குச் சிரித்தார். குத்தகையை அங்கேயே ரத்து செய்தார். தனகோடியாரின் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வாங்கினார். தம் கழுத்து முத்துமாலையை எடுத்துக் குழைக்காதருக்குப் போட்டார். "உம்மைச் சந்தேகப்பட்டதற்கு" என்றார்.

கொட்டிலிலிருந்து வேம்பாயியின் மாடுகள் வெளியே வந்தன. விலா எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அவள் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. முதலில் மாடுகளின் வாயைத் திறந்து பார்த்தாள், குளம்பைத் தூக்கிப் பார்த்தாள், "பாவிக பட்டினி போட்டிருக்கானுகளே" என்று இரண்டின் கழுத்தையும் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு வண்டியில் பூட்டி ஓட்டினாள்.

பொட்டலில் ராஜா நின்றார், சபை நின்றது, சிங்காரத்தின் ஆட்களும் நின்றார்கள். வேம்பாயி வண்டியை ஓட்டிவந்து, எல்லோரும் பார்க்க, அந்தக் கல்லுக்கு நேர் முன்னால் நிறுத்தினாள். இறங்கினாள். முடிச்சிலிருந்து ஒரு துண்டு சூடம் எடுத்துக் கல்லின் காலடியில் கொளுத்தினாள். அது எரிந்து முடிகிறவரை, யார் முகத்தையும் பார்க்காமல், ஆற அமரக் கும்பிட்டுக்கொண்டு நின்றாள். கட்டணம் என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.