பெட்டி சொன்ன விலாசம்

திருச்சி பாலக்கரையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் பிலோமினாவின் வகுப்பு நடக்கும். கம்பெனிக்காரன் உளவு பார்க்காதபடி செல்போனை எப்படி வைத்துக்கொள்வது என்று சொல்லிக்கொடுப்பார். வயது முப்பதைத் தாண்டி கொஞ்சம்தான். பொறுமை சுத்தமாகக் கிடையாது.

அவருடைய சீடர்களில் வயதில் மூத்தவர் தணிகாசலம். மின்வாரியத்தில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் வயதுப் பெண்ணை "குருவே" என்றுதான் கூப்பிடுவார். வேண்டாம் சார், வேண்டாம் சார் என்று சொல்லிச் சொல்லி பிலோமினாவுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

போன வருஷம் தணிகாசலம் தன் போனிலிருந்து கம்பெனியின் இடம்காட்டும் சேவையைக் கழற்றி எறிந்தார். அதற்குப் பதிலாக 'எல்லார்வழி' என்ற பொதுச் சேவையை ஏற்றிக்கொண்டார். அதற்கு முதலாளி கிடையாது, யாரையும் பின்தொடராது. மறுநாளே மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"குருவே, நான் வீட்டுக் கூடத்துல உக்காந்திருக்கேன். போன் என்னைக் காவிரிக்கு நடுவுல காட்டுது!"

"உங்க ஏரியாவுல யாரும் நடக்கலை சார்."

"நான் தினம் வாக்கிங் போறேனே?"

பிலோமினா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "வீட்டுக்குள்ள செயற்கைக்கோள் சிக்னல் சரியா எட்டாது. அப்ப போன் என்ன செய்யும்? அக்கம்பக்கத்து வைஃபை பெட்டிங்களைப் பாக்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நம்பர் உண்டு. எந்த நம்பர் எந்த இடத்துல இருக்குன்னு முன்னாடியே யாராவது தெருத்தெருவா நடந்து ஏத்தியிருந்தாதான் அதுக்குத் தெரியும். நம்ம சேவைக்கு ஆள் வச்சா நடக்க முடியும்? நம்மளேதான் நடக்கணும்."

கேட்டதுதான் தாமதம், தணிகாசலம் போனும் கையுமாக நடக்கக் கிளம்பிவிட்டார்; வழியில் தட்டுப்பட்ட பெட்டிகளின் நம்பரையெல்லாம் போன் 'எல்லார்வழி'யில் ஏற்றிக்கொண்டே வந்தது. உறையூரில் அவர் நுழையாத சந்து இல்லை. நாய் துரத்தியது. திருடன் என்று நினைத்து ஒரு வீட்டில் விளக்கைப் போட்டுப் பார்த்தார்கள். "இந்த மனுஷனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு" என்று வீட்டம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அவர் காதில் வாங்கவில்லை. தன் வீட்டு மொட்டைமாடியைக்கூட விடாமல் சுற்றிச் சுற்றி வந்தார்.

கடைசியில் போன் அவர் நிற்கிற வாசற்படியையே சரியாகக் காட்டியது. மனுஷனுக்குப் பெருமை தாங்கவில்லை. வகுப்புக்கு வரும்போதெல்லாம் அதே பேச்சு.

"ஜனங்க ஏன் குருவே இதுக்கு வர மாட்டேங்கிறாங்க?"

"பாடத்தைக் கவனிங்க சார்."

இந்த வாரம் வந்தபோது அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. உட்காரக்கூட இல்லை.

"எங்க மாடியில குடியிருக்கிற அம்சவேணியைச் சொல்லியிருக்கேன்ல? அவ புருஷன் நேத்து சாயங்காலம் வந்துட்டான். கேட்டைப் பிடிச்சு உலுக்கி, தெருவே கேக்குற மாதிரி கத்திட்டுப் போறான். மறுபடியும் வருவானாம்."

அம்சவேணி அடி தாங்காமல் மதுரையிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவள். கம்ப்யூட்டர் வழியாகக் கணக்கு டியூஷன் எடுத்துக் காலம் தள்ளுகிறாள். எங்கே இருக்கிறாள் என்று பெற்ற அம்மாவுக்கே சொல்லவில்லை. போன் புதுசு, சிம் புதுசு. அந்தப் போனிலிருந்து கம்பெனிக்காரன் சமாச்சாரத்தையெல்லாம் எடுத்துச் சுத்தம் பண்ணிக் கொடுத்ததே தணிகாசலம்தான்.

"எப்படிக் கண்டுபிடிச்சான் குருவே? எல்லாம் கம்பெனிக்காரன் வேலை. நான் அப்பவே சொன்னேன், இந்த ஜனங்களுக்கு எத்தனை தடவை சொன்னாலும்..."

"வந்தவன் என்ன சொன்னான்?"

"என்னமோ உளறினான். ஓடிப்போறவ பெட்டியை வச்சுட்டுல்ல போயிருக்கணும்னு சிரிச்சான்."

"எந்தப் பெட்டி?"

"தெரியல. மதுரையிலேர்ந்து அவ கொண்டாந்தது துணிமணியும் ஒரு வைஃபை பெட்டியும்தான்."

பிலோமினா ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். "வாங்க சார்."

அம்சவேணி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை பள்ளிக்கூடச் சீருடையை மாற்ற மாட்டேன் என்று அழுதுகொண்டிருந்தது. தணிகாசலம் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். பிலோமினா வாசலிலேயே நின்றார்.

"நான் உள்ள வரலாமாம்மா? உங்க வைஃபை பெட்டியைப் பாக்கலாமா?"

அம்சவேணி தலையசைத்தாள். பிலோமினா பெட்டியைத் திருப்பி, அடியில் இருந்த நம்பரைத் தன் லேப்டாப்பில் தட்டி 'எல்லார்வழி'யிடம் கேட்டார். வரைபடம் திறந்தது. திருச்சி, உறையூர், அந்தத் தெரு, அந்த வீடு.

"இதை யார் சார் ஏத்தினது?"

தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். எத்தனை துடைத்தால் என்ன? வீடு அவர் வீடுதான்.

"நான்தான்."

"பெட்டி வாங்கினப்ப வந்த அட்டை டப்பா அவன் வீட்ல கிடந்திருக்கும். அதுல இதே நம்பர் போட்டிருக்கும். அவன் கேட்டிருக்கான், இது சொல்லிருச்சு. யார் கேட்டாலும் சொல்லும். பொதுச் சேவை பாருங்க."

"இப்பவே அழிச்சிடறேன்."

"அவன் கேட்டையே உலுக்கிட்டுப் போயாச்சு சார்!"

பிலோமினாவின் சத்தத்தில் குழந்தை அழுகையை நிறுத்திவிட்டது. தணிகாசலத்துக்கு ரோஷம் வந்தது. அந்த நேரத்திலும் வந்தது பாருங்கள்!

"வைஃபை பேருக்குக் கடைசியில 'நோமேப்', அதாவது வரைபடத்துல ஏத்தாதேன்னு சேத்து வச்சிருந்தா நான் ஏத்தியிருக்கவே மாட்டேன். நம்ம ஆளுங்க யாருமே ஏத்த மாட்டோம். அதான வழக்கம்? அவ சேத்து வச்சிருக்கணும்ல?"

"அப்படி ஒண்ணு இருக்குன்னு எனக்கு யார் சார் சொன்னா?" என்றாள் அம்சவேணி. "என் போனை வச்சுக்கிட்டு அவ்வளவு நேரம் பேசினீங்களே. கம்பெனிக்காரனைத் திட்டினீங்க, கவர்மெண்டைத் திட்டினீங்க. இதை ஒரு வார்த்தை சொல்லலையே. நீங்க மாடியில சுத்துறப்பெல்லாம் உடம்புக்காக நடக்குறீங்கன்னு நினைச்சேன்."

ஆட்டோ வந்தது. மூட்டைகளை பிலோமினா இறக்கிக் கொடுத்தார். தணிகாசலம் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கம்மா போறே? விலாசத்தைச் சொல்லு. நானே வந்து எல்லாத்தையும் சரியா அமைச்சுத் தர்றேன்."

அம்சவேணி குழந்தையை மடியில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள்.

"உங்ககிட்ட மட்டும் சொல்ல மாட்டேன் சார்."

ஆட்டோ தெரு முனையில் திரும்பியது. தணிகாசலம் கேட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. அது துக்கமா ஆத்திரமா என்று அவருக்கே தெரியவில்லை.

"மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க குருவே. உலகத்துல இருக்கிற அத்தனை பெட்டியையும் கம்பெனிக்காரன் ஏத்தி வச்சிருக்கான். எந்த வீட்டுக் கதவையாவது தட்டி ஒரு வார்த்தை கேட்டானா? அவனை ஒருத்தரும் எதுவும் சொல்றதில்ல. நான் காலு தேயத் தேய நடந்து, ஊருக்கு நல்லதுன்னு பண்ணினேன். என்னைப் போய்ப் பிடிச்சுக்கிறீங்களே!"

பிலோமினா ஸ்கூட்டரை ஸ்டாண்டிலிருந்து எடுத்தார்.

"அவன் கேக்கலைன்னுதான சார் அவனை விட்டுட்டு இங்க வந்தீங்க?"