கால் கழுவாத விருந்தாளி

அல்லி பறிக்க ஏரியில் மூழ்கிய வேலாத்தா, அடியில் ஓர் ஊரையே கண்டாள். கூரைகளின் மேல் மீன்கள் பறவைகள்போல் அலைந்தன. மாளிகை வாசலில் நீர்மக்களின் அரசன் தன் அரசியோடு நின்றான்.

"உள்ளே வா. இங்கே விருந்துக்கு வந்தவர் யாரும் திரும்பிப் போனதில்லை" என்றான்.

"கரையில என் கைக்குழந்தை தனியாத் தூங்குதுங்க, சாமி."

"எங்கள் உபசாரத்தில் ஒரு குறை காட்டு. விட்டுவிடுகிறேன்."

"எங்க ஊருல கால் கழுவாம வீட்டுக்குள்ள போகமாட்டோம். ஒரு செம்பு தண்ணி ஊத்துங்க."

அரசன் தங்கச் செம்பைச் சாய்த்தான். ஒன்றும் விழவில்லை. குடத்தைக் கவிழ்த்தான், அண்டாவையே உருட்டினான். தண்ணீருக்குள் தண்ணீர் எப்படி விழும்?

அரசி வாய்விட்டுச் சிரித்தாள்.

"இத்தாப் பெரிய ஏரியை வச்சுக்கிட்டு, கால் கழுவ ஒரு செம்புத் தண்ணி ஊத்த முடியலையே, சாமி!" என்றபடி வேலாத்தா மெல்ல வெயிலை நோக்கி மிதந்தாள்.