நூறு வருஷக் கம்பி

மூன்று மாதச் சோதனையை வைத்துக்கொண்டு நூறு வருஷத்துக்குச் சான்று கேட்கிற மனிதரை என்ன செய்யலாம்? சந்தனமாரி செய்ததைக் கேளுங்கள்.

அவள் ஒரு கான்கிரீட் சோதனைக்கூடத்தில் பாரம் தாங்குமா என்று பார்க்க மணல் மூட்டை அடுக்கும் உதவியாளர். ஒருநாள் இயக்குநர் வைத்தியலிங்கம் வந்து மேசையைத் தட்டினார். "இரும்புக் கம்பிக்குப் பதிலா கண்ணாடி இழைக் கம்பி வச்சுப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடப் போறோம். நூறு வருஷம் தாங்கும்னு இன்னைக்கே அறிக்கை வேணும்."

"சார், மூணு மாசம்தான் சோதிச்சிருக்கோம். சைட்ல இரும்பு மாதிரியே இதையும் வளைக்கிறாங்க. வளைச்ச இடத்துல இழை பிரியுது. தீப்பிடிச்சா என்ன ஆகும்னு இன்னும் பார்க்கவே இல்ல."

"மூட்டை தூக்குறவளுக்கு ஆராய்ச்சியப் பத்தி என்ன தெரியும்? எழுது!"

சந்தனமாரி பல்லைக் கடித்துக்கொண்டாள். பிறகு, நான்கு தூண்கள்மேல் நின்ற சோதனை ஸ்லாப்பைக் காட்டினாள். "எழுதிடுறேன் சார். மேல மணல் மூட்டை அடுக்கும்போது, நீங்க அடியில உட்கார்ந்து கையெழுத்துப் போட்டா போட்டோ எடுப்பா இருக்கும்."

போட்டோ என்றதும் மனிதர் தலைசீவி உட்கார்ந்துவிட்டார். மேலே முதல் மூட்டை தொப்பென்று விழுந்தது.

"இதுல எந்தக் கம்பி போட்டிருக்கே?"

"உங்க கம்பிதான் சார். சைட்ல வளைச்சது."

நாற்காலி கவிழ, பேனா தெறிக்க, இயக்குநர் வாசலில் போய் நின்றார்.

"உங்களால ஒரு நிமிஷம் உட்கார முடியல. அங்க பிள்ளைங்க தினமும் உட்காரணுமா?" என்று கத்திவிட்டு, சந்தனமாரி அதே பேனாவால் அறிக்கையை எழுதினாள்:

"இயக்குநரின் நம்பிக்கை தாங்கிய காலம்: அரை நிமிடம். கம்பிக்கு மேலும் சோதனை தேவை."