ஆயிரத்து நானூற்று எழுபத்தொன்பது மணிகள்

"ஒரு விரல் இல்லைன்னு ஒருத்தியைத் திருப்பி அனுப்பிட்டேன். சரிதானேம்மா?" என்று குரு மங்கையிடம் கேட்டார் ஏகம்பன்.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. மங்கை அவரைவிடப் பத்து வயது இளையவர். இருபது ஆண்டுகள் ஆய்வுக்கூடத்தில் உயிரணுக்களைப் பார்த்துவிட்டு மலையேறி வந்தவர். வரும்போது கொண்டுவந்தது ஒரு பழைய நுண்ணோக்கி மட்டும்.

அந்த ஆசிரமம் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுத்து, மலை ஊர்களுக்கு அனுப்பிவந்தது. படித்து முடித்தவளிடம் பாடம் கேட்டு, கையை நீட்டச் சொல்லிப் பார்த்து, போகலாம் என்று சொல்பவர் ஏகம்பன். பதினெட்டு ஆண்டுகளாக.

அன்று காலை வந்தவள் உமையாள். எந்தக் கேள்விக்கும் தடுமாறவில்லை. கையை நீட்டினாள். இடது கையில் சுண்டுவிரல் இல்லை. சிறுவயதில் கரும்பு ஆலையில் போனது.

பத்து விரலும் உள்ள கைதான் பிள்ளையை ஏந்த வேண்டும் என்பது ஆசிரமத்தின் விதி. ஏகம்பன் விதியைச் சொன்னார்.

உமையாள் அழவில்லை. காவட்டிப்பாறை என்ற மலையூரில் போன மாதம் பிள்ளைவலி வந்த ஒருத்தி, மலையிறங்கும் வழியில், தூக்கிவந்த டோலியிலேயே செத்துப்போனதைச் சொன்னாள்.

"அவளுக்குப் பத்து விரலோட யாருங்க வந்தா?"

பையைத் தோளில் போட்டுக்கொண்டு, நடுப்பகல் பஸ்ஸுக்கு இறங்கிப் போய்விட்டாள்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு ஏகம்பன் தரையைப் பார்த்தபடி இருந்தார். "விதி சரி. நான் சரியான்னுதான் தெரியலை."

மங்கை எழுந்து தொட்டியருகே போனார்.

தொட்டியில் மிதந்த பாசிக்கொடியிலிருந்து ஓர் இலையைக் கிள்ளினார். கண்ணாடிச் சில்லில் வைத்து நுண்ணோக்கிக்கு அடியில் தள்ளினார். பார்க்கச் சொன்னார்.

ஏகம்பன் குனிந்தார்.

அறை அறையாகப் பச்சை. ஒவ்வோர் அறையிலும் பச்சை மணிகள் சுவரை ஒட்டி வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தன. ஒன்றின் பின் ஒன்று. மூலையில் திரும்பின. மறுபடி வந்தன.

அவர் நிமிரவே இல்லை.

"மூச்சு விடலாம் ஐயா. அது பயந்து ஓடிடாது."

"யாரும்மா இதை ஓட்டுறது?"

யாரும் இல்லை என்றார் மங்கை. உள்ளே கயிறுகள் ஓடுகின்றன. கயிற்றின் மேல் இரண்டு கால் உள்ள சுமையாள்கள் நடக்கிறார்கள். ஒரு கால் பிடியை விடும்போது மறு கால் பிடித்திருக்கும். அவர்களும் புரதம். அவர்கள் சுமப்பதும் பெரும்பாலும் புரதம். உங்களுக்குள்ளும் இப்படித்தான் நடக்கிறது என்றார். புரதம் செய்பவர்கள் வேறு; மரபணு ஏட்டில் எழுதியிருப்பதைப் படியெடுத்து, அமினோ அமிலங்களை ஒரு வினாடிக்கு ஐந்து மணி வீதம் கோக்கிறார்கள். கோத்த சரம் தானே மடங்கி உருவம் கொள்கிறது. பிறகு குமிழியில் ஏறிப் போக வேண்டிய இடத்துக்குப் போகிறது. நீங்கள் உமையாளோடு பேசிக்கொண்டிருந்தபோதும் நடந்தது. தூங்கும்போதும் நடக்கும்.

ஏகம்பன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதல்முறையாகப் பார்க்கும் ஒருவருடைய கையைப் போல இருந்தது.

"தப்பாக் கோத்துட்டா?" என்று கேட்டார்.

"காவல் இருக்கு. ஒவ்வொண்ணையும் தடவிப் பார்க்கும். கோணலா இருந்தா வெளியே விடாது. பிரிச்சு மணிமணியா உதிர்த்திடும்."

ஏகம்பனின் முகம் தெளிந்தது.

"அப்போ நான் செஞ்சது சரி."

"சரிதான்."

அடுக்களைப் பக்கம் கண்மணி இருமினாள். சமையல் செய்யும் பேச்சியின் மகள், நாலு வயது. நாள் முழுவதும் இருமுவாள். காக்கை கத்துவதுபோல் அது எல்லாருக்கும் பழகிவிட்டது. பிள்ளைக்கு முத்தம் கொடுத்தால் உப்புக் கரிக்கிறது என்று பேச்சி சிரித்துக்கொண்டே சொல்வாள்.

இருமல் அடங்கும்வரை மங்கை காத்திருந்தார்.

பிறகு சொன்னார். அந்த நெஞ்சுக்குள் உப்பை வெளியே விட ஒரு கதவு வேண்டும். ஆயிரத்து நானூற்று எண்பது மணிகள் கோத்துச் செய்யும் கதவு. கண்மணிக்கு அதில் ஒரே ஒரு மணி விட்டுப்போகிறது. காவல் தடவிப் பார்க்கிறது. கண்டுபிடித்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும். செய்த கதவு எதுவும் வாசலுக்குப் போய்ச் சேர்வதில்லை. சளி உள்ளேயே இறுகிக்கொண்டு வருகிறது.

ஏகம்பன் அடுக்களைப் பக்கம் திரும்பினார்.

"அந்தக் குறைக் கதவைப் போக விட்டா?"

"கொஞ்சம் மெதுவாத் திறக்கும்."

"திறக்குமா?"

"திறக்கும்."

கண்ணாடிச் சில்லில் நீர் காயத் தொடங்கியிருந்தது. பச்சை மணிகள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்று ஏகம்பன் நினைத்தார்.

"அப்போ காவல் எங்கேம்மா தப்புப் பண்ணுச்சு?"

"எங்கேயும் இல்லைங்க ஐயா. அது தன் வேலையைச் சரியாத்தான் செய்யுது."

கண்மணி மறுபடி இருமினாள்.

கீழே, மலைவளைவில், பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

ஏகம்பன் செருப்பைத் தேடவில்லை. வெறுங்காலோடு வளைவை நோக்கி இறங்கி ஓடினார்.